காலடிப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீடு: தறிக்குழியை மூடலாமா?

காலடிப்பேட்டைப் பேரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், என் தாய்வழித் தாத்தா தறி நெய்து வாழ்ந்த வீடு, பாகப்பிரிவினையில் என் அம்மாவின் பங்காக வந்திருக்கிறது. சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அந்த வீட்டைப் பழுது பார்த்து, அம்மாவுடன் அங்கேயே குடியேற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் அரை மணி நேரத்துக்குள் திட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டார். முன்னறையில், நெய்பவர் கால்களை இறக்கி உட்காரும் தறிக்குழியை ஜல்லியும் கான்கிரீட்டும் போட்டு நிரப்ப வேண்டும், வீடு முழுவதும் டைல்ஸ் பதிக்க வேண்டும், சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூச வேண்டும், ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரக் கூரை போட வேண்டும் என்றார். செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் குழியை நிரப்புவது என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அன்று சாப்பிடவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருவை நோக்கிய அகலம் 12 அடிதான். உள்ளே கொல்லை வரை 60 அடிக்குக் குறையாது. சுவர்கள் ஒன்றரை அடி தடிமன் கொண்டவை. திண்ணையைத் தாண்டியதும் 9 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள முன்னறை, அதுதான் தறிக்கூடம். அதற்குப் பின்னால் சிறிய முற்றம், ஒரு பக்கத் தாழ்வாரம், சமையலறை, கொல்லையில் கிணறு. தறிக்குழி அறையின் நடுவில் இல்லை. தெருச் சுவருக்கு அருகில், வலப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. இரண்டரை அடி ஆழம், உட்புறம் செங்கல் கட்டியிருக்கிறது.

எங்களுக்கு விளங்காதவை சில உள்ளன. தெருப்பக்கச் சன்னலின் அடிக்கட்டை உட்தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தான் இருக்கிறது. நின்றுகொண்டு அதன் வழியாக எதையும் பார்க்க முடியாது. வலப்பக்கச் சுவரில், தரையை ஒட்டினாற்போல், இரண்டு அடி நீளத்துக்கும் ஆறு அங்குல ஆழத்துக்கும் ஒரு பள்ளம் குடையப்பட்டிருக்கிறது. விளக்கு மாடம் என்று நினைத்திருந்தோம், ஆனால் புகைக்கறை எதுவும் அதில் இல்லை. அறையின் கோடியில் ஒரு குத்துக்கல் தரையில் புதைந்து நிற்கிறது. உத்தரத்தில் கயிறு அறுத்த தடங்கள் இரண்டு இடங்களில் ஆழமாகத் தெரிகின்றன.

இது கோலெட் துரை காலத்து வீடு என்று தாத்தா சொல்லுவார். அது உண்மையாக இருக்க முடியுமா? குழியை என்ன செய்யலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

இராயபுரம் வரலாற்று ஆசிரியர்

முதல் கேள்விக்கு என்னால் இயன்ற பதிலைத் தருகிறேன். ஜோசப் கோலெட் 1717 முதல் 1720 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1708இல்தான், திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. புதிதாகக் கிடைத்த அந்த நிலத்தில், கோட்டைக்கு வடக்கே கடலோரமாக, நெசவாளர்களைக் குடியமர்த்தி அமைத்த ஊருக்கு ஆளுநரின் பெயர் வைக்கப்பட்டது. கோலெட் பேட்டை நம் நாவில் புழங்கிப் புழங்கிக் காலடிப்பேட்டை ஆயிற்று. யாருடைய காலடியும் இந்தப் பெயரில் இல்லை. ஊரின் நடுவில் உள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் அந்தக் குடியேற்றத்தோடு சேர்த்தே பேசப்படுவது.

கம்பெனிக்கு வேண்டியிருந்தது துணி. ஐரோப்பாவில் சென்னைத் துணிக்கு அப்போதிருந்த கிராக்கிக்கு உள்நாட்டுத் தறிகளிலிருந்து வண்டியேறி வரும் சரக்குப் போதவில்லை; வரும் சரக்கும் போர்களாலும் சுங்கச் சாவடிகளாலும் வழியில் தடைபட்டது. தறிகளையே கோட்டைக்கு அருகில் கொண்டுவந்துவிட்டால், முன்பணம் கொடுப்பதும் தரம் பார்ப்பதும் எளிதாகிவிடும். இதே கணக்கில்தான் 1734இல், சுங்குராமனுடைய தோட்டமாக இருந்த இடத்தில், சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள். அங்கு தறி, வெளுப்பதற்கு வண்ணாரப்பேட்டை. வடசென்னையின் ஊர்ப்பெயர்களை வரிசையாக வைத்தாலே ஒரு துணி தயாராகும் வழி தெரியும். காலடிப்பேட்டை அமைந்த சில ஆண்டுகளிலேயே, 1721இல், பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்தவும் பயன்படுத்தவும் இங்கிலாந்து தன் மக்களுக்குத் தடை விதித்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடை இல்லாததால் தறிகள் ஓய்ந்துவிடவில்லை.

ஆனால் ஊரின் வயது வீட்டின் வயது ஆகிவிடாது. தங்கள் கூரையில் இருப்பது மங்களூர் ஓடா, நாட்டு ஓடா? மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். தட்டையான, ஒன்றோடொன்று கவ்விப் பிடிக்கும் ஓடுகள் என்றால் அந்தக் கூரை அதற்குப் பிற்பட்டது. ஓட்டின் அடிப்பக்கத்தில் முத்திரை எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: கூரை மாறியிருக்கலாம், சுவர் பழையதாகவே இருக்கலாம். ஓடுகளைத் தாங்கும் கைமரங்களில் பழைய கூரையின் தடயம் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மனையின் அளவைக் கவனித்தீர்களா? 12 அடி முகப்பும் 60 அடி ஆழமும் தற்செயலாக வந்தவை அல்ல. நெசவாளர் தெருவில் எல்லாருக்கும் பொதுவான பெரிய கருவி தெருதான். பாவு என்னும் நீளவாக்கு இழைகளை நீட்டி, கஞ்சி போட்டு, ஆற்றுவதற்கு நேரான நீண்ட தெரு வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தத் தெருவில் ஒரு வாசல் வேண்டும். ஆகவே முகப்பு குறுகி, வீடு பின்னோக்கி வளர்ந்தது. முந்நூறு ஆண்டுகளில் வீடுகள் இடிந்து மீண்டும் எழுந்திருக்கலாம். மனையின் எல்லைக்கோடு அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. தங்கள் தாத்தா சொன்னதில் எனக்கு உண்மையாகப் படுவது அந்தக் கோடுதான்.

ஆரணித் தறிக்காரம்மா

தம்பி, நான் பொன்னேரிப் பக்கத்து ஆரணியைச் சேர்ந்தவள். நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் உட்கார்ந்தவள். இப்போது தண்டையார்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். உங்களுக்கு விளங்காதவை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த அறை எனக்குக் கண் முன்னால் வந்துவிட்டது.

சன்னல் தாழ இருப்பதற்குக் காரணம் நெய்பவர் தாழ உட்கார்ந்திருப்பதுதான். குழியின் விளிம்பில் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை மிதிப்போம். துணி எங்கள் மடிக்கு நேராக, தரையிலிருந்து ஒரு சாண் ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்கும். வெளிச்சம் அங்கே விழ வேண்டும். நிற்கிறவர் கண்ணுக்குச் சன்னல் வைத்தால் வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலே போய்விடும். உங்கள் தாத்தா தெருச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். சன்னல் வெளிச்சம் அவர் தோளுக்கு மேலாகவும் பக்கவாட்டிலும் வந்து துணியில் விழும். அறுந்த இழை எது என்று அப்போதுதான் தெரியும்.

அந்தக் குத்துக்கல் பாவு கட்டுகிற கல். பாவை முழுவதும் உருளையில் சுற்றிவைக்கிற தறி வேறு. பழைய குழித்தறியில் பாவு அறையின் நீளத்துக்கு நீண்டு கிடக்கும். அதன் கோடியில் கட்டிய கயிறு அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பி நெய்பவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வந்து முடியும். நெய்த துணியைப் படமரத்தில் சுற்றும்போதெல்லாம் எழுந்து போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தக் கயிற்றைத் தளர்த்திக்கொள்ளலாம். உங்கள் அறை 20 அடி இருப்பது அதற்காகத்தான். கல்லில் கயிறு தேய்த்த வழவழப்பு இருக்கும், தடவிப் பாருங்கள்.

இனி அந்தச் சுவர்ப் பள்ளம். அதை நினைத்துத்தான் இரவு நெடுநேரம் தூங்காமல் இருந்தேன். முன்காலத்தில், குறுக்கிழையைக் கொண்டு ஓடுகிற நாடாவைக் கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார்கள். பிறகு கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடுகிற தறி வந்தது. அதற்கு, குறுக்கிழையை அடித்து நெருக்குகிற அச்சைத் தாங்கி ஆடும் பலகையின் இரண்டு முனையிலும் நாடா போய் நிற்கப் பெட்டி வேண்டும். ஆகவே பலகை இரண்டு பக்கமும் நீண்டுவிடும்; ஏழரை அடிக்குக் குறையாது. உங்கள் அறை 9 அடி. திண்ணையிலிருந்து முற்றத்துக்குப் போக இடப்பக்கம் 2 அடியாவது வழி விட வேண்டும். மீதி 7 அடி. அரை அடி குறைகிறது. அந்த அரை அடியைத்தான் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சுவரில் குடைந்து எடுத்திருக்கிறார்கள். பலகை முன்னும் பின்னும் ஆடும்போது பெட்டி சுவரில் இடிக்காமல் இருக்க 2 அடி நீளத்துக்குப் பள்ளம். விளக்கு மாடம் இல்லை தம்பி, அது நாடா போய் நிற்கிற இடம்.

குழியைப் பற்றிச் சொல்கிறேன். நாற்காலி வாங்க வழியில்லாமல் குழி வெட்டியதாகப் பலர் நினைக்கிறார்கள். பருத்தி இழைக்கு ஈரப்பதம் வேண்டும். காய்ந்தால் அறுந்துகொண்டே இருக்கும். மண்ணுக்கு அருகில், தாழ்ந்த இடத்தில் பாவு கிடந்தால் சித்திரை வெயிலிலும் இழை நின்று கொடுக்கும். தறியின் கால்களை மண்ணில் ஊன்றினால் அடிக்கிற அடிக்குச் சட்டம் அசையாது. அந்தக் குழியைச் சுற்றித்தான் மீதி வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் அம்மா சாப்பிடாமல் இருந்தது எனக்குப் புரிகிறது.

தண்டையார்பேட்டைப் பொறியாளர்

தறிக்காரம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். மரியாதையுடன் வேறொரு கோணத்தையும் முன்வைக்க விரும்புகிறேன். நான் கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். உணர்வு சார்ந்த பொருளில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த வீட்டில் வயதான ஒருவர் வாழப்போகிறார்.

பழைய சுவர்களின் அடித்தளம் பெரும்பாலும் ஆழமற்றது. குழி இரண்டரை அடி ஆழம் என்கிறீர்கள். சுவரின் அடித்தளம் அதைவிட மேலே முடிந்துவிட்டால், சுவரின் பாரம் பரவும் மண்ணையே குழி வெட்டிவிட்டது என்று பொருள். அடித்தளத்தின் அடி விளிம்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு வரைந்து பாருங்கள். குழி அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால் அச்சம் இல்லை. கோட்டை வெட்டினால் கவனிக்க வேண்டும். குழியில் மழைநீர் நின்று மண் இளகும்போதுதான் ஆபத்து கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்தக் குழியில் தண்ணீர் நின்றதா? வலச்சுவரில் குடைந்த பள்ளமும் எனக்குக் கவலை தருகிறது; ஒன்றரை அடிச் சுவர் அங்கே ஓரடியாகிவிடுகிறது. அதன் மேல் உத்தரத்தின் முனை உட்கார்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இவை அனைத்துக்கும் மேலாக, இருட்டில் எழுந்து நடக்கும் முதியவர் இரண்டரை அடிப் பள்ளத்தில் காலை வைத்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குழியை நிரப்புவதே சரி என்பது என் கருத்து.

எண்ணூர்க் கொத்தனார்

பொறியாளர் ஐயா சொல்லும் அச்சம் நியாயமானது. ஆனால் நிரப்புவது என்பது ஒரு செயல், கான்கிரீட்டால் நிரப்புவது என்பது வேறொரு செயல். நான் மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். சிமெண்ட் பூசிக் கெட்டுப்போன பழைய சுவர்களைக் கொத்தி எடுப்பதே இப்போது என் வேலையில் பாதியாகிவிட்டது.

நம் பகுதியின் நிலத்தடி நீர் உப்புக் கலந்தது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்குள் ஏறியது 1960களின் இறுதியிலேயே தெரியவந்த செய்தி. காலடிப்பேட்டையோ கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அடியிலிருந்து ஈரம் மேலே வரும், உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். மண் தரை, சாணம் மெழுகிய தரை, செங்கல் குழி ஆகியவை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். குழியைக் கான்கிரீட்டால் அடைத்து, தரை முழுவதும் டைல்ஸ் பதித்துவிட்டால் ஈரம் போவதற்கு வேறு வழியில்லாமல் சுவரில் ஏறும். சுவரில் சிமெண்ட் பூசியிருந்தால் அங்கேயும் வெளியேற முடியாமல் பூச்சுக்குப் பின்னால் தேங்கும். அங்கே உப்பு படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்து மாவாக்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் கெட்டியாகத் தெரியும். சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்து விழும் நாளில்தான் உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை என்பது தெரியும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கையால் அள்ளியும் இருக்கிறேன்.

சுண்ணாம்பு அப்படி இல்லை. அது ஈரத்தை வாங்கும், காற்று பட்டால் விட்டுவிடும். உப்பு பூத்தால் பூச்சுதான் உதிரும், சுவர் உதிராது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பூச்சைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போட்டது பெரும்பாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காடு ஏரியிலிருந்தும் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்தும் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டுத் தாளித்து, வாரக்கணக்கில் நீருக்குள் ஊற வைத்து, மணலோடு அரைத்துப் பூசுவார்கள். பூச்சு இறுகக் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது உண்டு. அந்தச் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் மீண்டும் கல்லாகும். அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள். தை பிறந்த பிறகு தொடங்குங்கள். சிமெண்ட் ஒட்டியிருக்கும் இடங்களை இயந்திரம் வைத்து உடைக்க வேண்டாம். சிற்றுளியால் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு சுவர் சில மாதம் வெறுமனே காயட்டும்.

தகரக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டின் இடுக்குகள் வழியாகச் சூடு மேலே போய்விடும். தகரத்தின் கீழ் சித்திரையில் அந்த அறையில் யாராலும் உட்கார முடியாது. கடற்காற்று பட்டு அந்தத் தகரமும் விரைவில் துருவேறும்.

கிளாஸ்கோவில் வாழும் வண்ணாரப்பேட்டைக்காரர்

நான் பிறந்தது பழைய வண்ணாரப்பேட்டை. வேலையின் காரணமாக ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். இங்கே கில்பார்க்கன் என்ற சிற்றூரில் 1723இல் கட்டப்பட்ட ஒரு நெசவாளர் குடிசையை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பராமரித்து வருகிறது. ஆண்டு வாசல் நிலையின் மேற்கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. காலடிப்பேட்டை அமைந்த அதே காலம் என்பதை இந்த இழையைப் படித்த பிறகே உணர்ந்தேன். கீழ்த்தளத்தில் தறி, மேலே குடும்பம் என்ற அமைப்பு. தறி இன்றும் இயங்குகிறது.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் கம்பளி நெய்தவர்கள் வெளிச்சத்துக்காக மாடியில் வரிசையாகச் சன்னல் வைத்துத் தறி போட்டார்கள். பருத்தி நெய்தவர்களோ ஈரப்பதத்துக்காக நிலவறையில் தறியை இறக்கினார்கள். தறிக்காரம்மா சொன்ன அதே காரணம். கடல்களுக்கு அப்பால் இருந்த இரண்டு கைகள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, இழை கேட்டதைக் கேட்டு மண்ணுக்குள் இறங்கியிருக்கின்றன. அங்கே நிலவறைகள் பிற்காலத்தில் பொருள் வைக்கும் அறைகளாக மாறின. தாழ்ந்த சன்னல்களைப் பார்த்துத்தான் அவை தறிக்கூடங்கள் என்று இப்போது அடையாளம் காண்கிறார்கள். தங்கள் சன்னலின் உயரத்தை மாற்றிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இராயபுரம் வரலாற்று ஆசிரியர்

அதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். வேலையைத் தொடங்குமுன் அம்மாவை ஒரு முறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வீட்டின் எந்த உறுப்பு எதற்காக இருந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் தங்கள் வீட்டின் மதிப்பு அதனினும் வேறானது. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, தன் தெருவோடு இருக்கிறது. நம்முடைய கவனம் கோட்டைகளுக்கும் தேவாலயங்களுக்கும் வணிகர் மாளிகைகளுக்கும் போய்விடுகிறது. அவற்றைக் கட்டிய பணம் எந்தக் குழியிலிருந்து எழுந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு வடசென்னையில் நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே என் மனத்தை அரிக்கும் கேள்வி.

தண்டையார்பேட்டைப் பொறியாளர்

கொத்தனார் அவர்கள் ஈரத்தைப் பற்றிக் கூறியதை ஏற்கிறேன். கான்கிரீட் போடச் சொன்னால் நான் தவறு செய்தவனாவேன். அப்படியானால் கழுவிய ஆற்று மணலை நிரப்பலாம். மணல் ஈரத்தை அடைக்காது, சுவரடி மண்ணுக்கு முட்டுக் கொடுக்கும், பின்னொரு நாள் அள்ளிவிடவும் முடியும். கடல் மணலை எக்காரணம் கொண்டும் போடக்கூடாது. ஆனால் அதற்கு முன்னால் சுவரோரத்தில் ஒரு சிறு குழி தோண்டி அடித்தளம் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து எழுதுங்கள். அளவு தெரியாமல் நாம் எல்லோரும் ஊகத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆரணித் தறிக்காரம்மா

பொறியாளர் தம்பி, மணல் போட்டாலும் குழி தூர்ந்ததுதான். வெளியூர் போகிற நாட்களில் எங்கள் வீட்டில் குழந்தைகள் விழாமல் இருக்கக் குழியின் மேல் பலகை போட்டு மூடிவிட்டுப் போவோம். பலகையின் மேல் பாய் விரித்துப் படுத்தும் இருக்கிறோம். விளிம்பில் படிமானம் வெட்டியிருக்கிறதா என்று அந்தத் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னோர்கள் இதைப் பற்றி யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

காலடிப்பேட்டைப் பேரன்

பதிலளிக்க மூன்று வாரம் ஆகிவிட்டது; பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் சொன்னதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தோம்.

அடித்தளத்தை அளந்தோம். வலச்சுவரின் கீழ் 2 அடி 3 அங்குலம் வரை செங்கல் போகிறது. குழியின் அடி அதைவிட 3 அங்குலம்தான் தாழ்வு. குழியின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் 2 அடி இருக்கிறது. படம் வரைந்து பொறியாளர் ஐயாவுக்குத் தனிமடலில் அனுப்பினேன்; சாய்வுக் கோடு குழியைத் தொடவில்லை, மண் உலர்ந்திருக்கும் வரை சுவருக்கு ஆபத்து இல்லை என்று பதில் அனுப்பியிருக்கிறார். மிக்ஜாம் மழையில் தண்ணீர் நின்றதற்கான கறை குழிச் சுவரில் ஒன்றேகால் அடி உயரத்துக்குத் தெரிகிறது. தண்ணீர் வந்த வழி தெரு. தெருவை மேடாக்கி மேடாக்கித் திண்ணை இப்போது ஒரு படி உயரத்தில்தான் இருக்கிறது. எனவே வாசலில் ஒரு கட்டு எழுப்பி, முற்றத்து நீர் கொல்லைக்குப் போகப் பழைய தூம்பைத் தூர்வாரப் போகிறோம். உத்தரத்தின் முனை சுவர்ப் பள்ளத்துக்கு மேலே இல்லை. ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

கூரையின் மேல் ஆசாரி ஒருவரை ஏற்றி நான்கு ஓடுகளை இறக்கிப் பார்த்தோம். மங்களூர் என்ற ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்துகளில் அடிப்பக்கத்தில் பதிந்திருக்கிறது. அப்படியானால் தாத்தா சொன்னது தவறு என்று நினைத்துக்கொண்டு இறங்கப்போன நேரத்தில், ஆசாரி பனங்கைகளை, அதாவது பனைமரக் கைமரங்களைக் காட்டினார். ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான இப்போதைய ரீப்பர்கள் ஓரடி இடைவெளியில் கம்பி ஆணியால் அடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையில், ஏறக்குறைய நான்கு விரற்கடைக்கு ஒன்றாக, பனங்கையின் மேல் விளிம்பில் கயிறு அழுந்திய தழும்புகள் இருக்கின்றன. மூங்கில் வரிச்சுகளை நெருக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டி, அதன் மேல் நாட்டு ஓடு வேய்ந்த கூரை அது என்றார். அதே பனங்கைகள், அதே சுவர். கூரை மட்டும் மாறியிருக்கிறது. முற்றத்துப் பக்கம் பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரியும் செங்கற்கள், இன்றைய செங்கல்லில் பாதித் தடிமன் கூட இல்லாதவை. ஆசிரியர் ஐயா, 1717 என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்பதை அறிவேன். மங்களூர் ஓடு வருவதற்கு முன்பே இந்தச் சுவர் நின்றது என்று மட்டும் இனி உறுதியாகச் சொல்லலாம் அல்லவா?

சுவர்ப் பள்ளத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். மேல் விளிம்பு கரடுமுரடாக இருக்கிறது. கீழ் விளிம்பு மட்டும் மெழுகியது போல் வழுக்குகிறது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாடா வந்து நிற்கும் ஒலி சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டிலும் கேட்கும் என்றும், அந்த ஒலி நின்றால் தாத்தா சாப்பிட எழுந்துவிட்டார் என்று அந்த வீட்டார் நேரம் அறிவார்கள் என்றும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

தறிக்காரம்மாவுக்குத் தனியாக ஒரு செய்தி. குழியின் விளிம்பில் படிந்திருந்த மண்ணைச் சுரண்டியபோது, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஆழத்துக்குச் செங்கல் உள்வாங்கியிருப்பது தெரிந்தது. நீங்கள் சொன்ன படிமானம் அதுதான். பலகை உட்கார்ந்தால் தரையோடு சமமாக நிற்கும். ஒன்றரை அங்குலத் தடிமனில், காற்றுப் போக இடைவெளி விட்டு, தூக்கி எடுக்கக்கூடிய நான்கு பலகைகளாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். படிமானத்தை மீறி நிற்கும் அரை அங்குலத்தை அடிப்பக்கத்தில் இழைத்துவிட்டால் அம்மாவின் கால் தடுக்காது என்று ஆசாரி சொல்கிறார். தரைக்கு டைல்ஸ் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. சுண்ணாம்புத் தளமா, செங்கல் பாவிய தரையா என்பது இன்னும் முடிவாகவில்லை. கொத்தனார் ஐயா நேரில் வந்து பார்த்துச் சொன்னால் நலம்.

தை பிறந்ததும் கூரையைப் பிரிக்கிறோம். உத்தரத்தில் உள்ள இரண்டு கயிற்றுத் தடங்களில் ஒன்று குழிக்கு நேர் மேலே இருக்கிறது. மற்றொன்று அங்கிருந்து மூன்று முழம் தள்ளி, நடைவழிக்கு மேலே இருக்கிறது. அது எதற்கு என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. தறிக்காரம்மா, தண்டையார்பேட்டையிலிருந்து காலடிப்பேட்டை மெட்ரோ நிலையம் சில நிறுத்தங்கள்தான். நான் வந்து அழைத்துச் செல்கிறேன். பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆரணித் தறிக்காரம்மா

வருகிறேன் தம்பி. நடைவழிக்கு மேலே என்றால் தறிக்கயிறு இல்லை, தூளிக் கயிறாக இருக்கும். நெய்கிறவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கயிற்றை நீட்டி விட்டு ஆட்டிக்கொண்டே நெய்வது வழக்கம். அந்தத் தூளியில் யார் கிடந்தார்கள் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். நான் வரும் வரை அந்த உத்தரத்தை யாரும் இழைத்துவிட வேண்டாம்.